ஸ்டேட்டஸ் போட்டாச்சு, போட்டோ எங்கே? செஞ்சிக்கோட்டை செல்ஃபி 20 வருஷம் கழிச்சும் கையில் இருக்க என்ன செய்யணும்?

விடுமுறை நாளில் செஞ்சிக்கோட்டைக்குப் போனால், ராஜகிரி மலைப் படிக்கட்டில் பத்து படிக்கு ஒரு செல்ஃபி நடந்துகொண்டிருக்கும். 2025 ஜூலை 11ஆம் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலில் செஞ்சிக்கோட்டை சேர்ந்தது. 'இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் பட்டியலுக்குப் போன 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான்.

கோட்டை பல நூறு வருஷமாக நிற்கிறது. அங்கே எடுத்த போட்டோ எத்தனை வருஷம் இருக்கும்?

செஞ்சிக்குப் பக்கத்தில், பல்லவர் காலக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் ஊர் சிங்கவரம். அங்கிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய போனில் என்னவெல்லாம் இருக்கும்? ஃபிரெண்ட்ஸோடு கோட்டைக்குப் போன ட்ரிப், ஹாஸ்டல் தோழியின் பர்த்டே கேக், புதுச்சேரி பீச், தானே போட்ட ஆரி வொர்க் பிளவுஸ், ரெசின் கீசெயின். மொத்தம் சில ஆயிரம் படங்கள். அந்த போன் தண்ணீரில் விழுந்தால் இதில் எத்தனை மிஞ்சும்? பலருக்கும் பதில் தெரியாது. ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

உங்க போட்டோ உண்மையில் எங்கே இருக்கு?

'போன்ல இருக்கு' என்று சட்டென சொல்லிவிடுவோம். ஆனால் ஒரே படம் நான்கு இடத்தில், நான்கு தரத்தில் இருக்கலாம்.

முதல் இடம் போன் மெமரி. கேமரா எடுத்த அசல் படம் இதுதான். சாதாரணமாக ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். எடுத்த தேதி, நேரம், போன் மாடல், லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் என எல்லாமே அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகிவிடும்.

இரண்டாவது கிளவுட். கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போன்ற சேவைகளில் பேக்கப் ஆன் செய்திருந்தால், படத்தின் ஒரு பிரதி அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்.

மூன்றாவது வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 4 எம்பி படம் சில நூறு கேபி ஆகிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும். 2023இல் எச்டி வசதி வந்தது. அதில் அனுப்பினாலும் படம் ஓரளவு சுருங்கத்தான் செய்யும்.

நான்காவது இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக். இங்கேயும் படம் சுருங்கித்தான் ஏறுகிறது. ஸ்டோரியும் ஸ்டேட்டஸும் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்டேட்டஸுக்காக ஆப்புக்குள் இருக்கும் கேமராவிலேயே படம் எடுத்து, கேலரியில் சேமிக்காமல் விட்டால், அந்தப் படத்துக்கு அசல் என்று ஒன்று இல்லாமலே போகலாம். ஊர் முழுக்கப் பார்த்த படம் எடுத்தவரிடம் இருக்காது.

ஆர்குட்டில் போட்ட ஆல்பம் என்ன ஆச்சு?

'இன்ஸ்டாவில் இருக்கே, அது எங்கே போகப்போகுது?' என்று நினைக்கலாம். இப்படித்தான் ஒரு தலைமுறை ஆர்குட்டை நினைத்தது.

2004 ஜனவரியில் தொடங்கிய ஆர்குட், இந்தியாவிலும் பிரேசிலிலும் சக்கைப்போடு போட்டது. கல்லூரி டூர், ஹாஸ்டல் ரூம், ஃபேர்வெல் என இப்போது 35, 40 வயதில் இருக்கும் பலருடைய இளமைக்கால ஆல்பம் அங்கேதான் இருந்தது. 2014 செப்டம்பர் 30ஆம் தேதி ஆர்குட் மூடப்பட்டது. படங்களை இறக்கிக்கொள்ள கூகுள் அவகாசம் கொடுத்தது. தகவலைக் கவனிக்காதவர்கள், பழைய பாஸ்வேர்டை மறந்தவர்கள் எல்லாம் ஆல்பத்தை இழந்தார்கள்.

அது மட்டும் இல்லை. கூகுளின் பிகாசா 2016இல் நிறுத்தப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2இல் மூடப்பட்டது. அமெரிக்காவின் மைஸ்பேஸ் தளத்தில் 2019இல் தெரியவந்தது இன்னும் மோசம். சர்வர் மாற்றும் வேலையில், 2016க்கு முன் பயனாளர்கள் ஏற்றிய பாடல்கள், படங்கள், வீடியோக்கள் காணாமல் போயின. பெரும்பாலானவை திரும்பக் கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்குத் தடை வந்தது. போனில் தனியாக சேமிக்காமல் டிக்டாக்கில் மட்டும் வீடியோ வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

இந்தத் தளங்கள் மூடப்பட்ட காரணம் வேறு வேறு. விளைவு ஒன்றுதான். சோஷியல் மீடியா என்பது படத்தைக் காட்டும் இடம். பத்திரமாகப் பாதுகாக்கும் இடமாக அதை நம்பி இருக்க முடியாது.

'அதான் கூகுள் போட்டோஸ்ல இருக்கே, போதாதா?'

இருப்பது நல்லது. அது மட்டும் போதாது. நான்கு காரணங்கள்.

1. இடம் தீர்ந்துபோகும்: 2021 ஜூன் 1 முதல், கூகுள் போட்டோஸில் ஏறும் புதிய படங்கள் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. அந்த 15 ஜிபிக்குள்தான் ஜிமெயிலும் டிரைவும் வரும். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் இதே கணக்கில்தான். ஒரு படம் 4 எம்பி என்று வைத்தால், மெயில் எதுவுமே இல்லாவிட்டாலும் சுமார் 3,750 படத்தில் 15 ஜிபி நிறைந்துவிடும். வீடியோ எடுத்தால் இன்னும் சீக்கிரம். இடம் தீர்ந்த பிறகு பேக்கப் நின்றுவிடும். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வரும் நோட்டிஃபிகேஷனை நாம் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்போம். அதற்குப் பிறகு எடுத்த படங்களுக்குப் பேக்கப்பே இருக்காது.

2. அக்கவுண்ட் போகலாம்: 2 வருஷம் பயன்படுத்தாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை 2023 டிசம்பரில் இருந்து கூகுள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பள்ளியில் படிக்கும்போது தொடங்கி, பிறகு மறந்துபோன ஜிமெயிலில் படங்கள் இருந்தால் ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

3. நம்பர் மாறலாம்: ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் முடக்கப்பட்டு, 90 நாள் கழிந்த பிறகு அந்த நம்பர் வேறு ஒருவருக்குப் போகலாம். பழைய நம்பருக்கு ஓடிபி போனால், பாஸ்வேர்டு மறந்த அக்கவுண்டுக்குள் நீங்களே நுழைய முடியாது. சிம் மாற்றும் முன் கூகுள், இன்ஸ்டா கணக்குகளில் நம்பரை மாற்றிவிட வேண்டும்.

4. டெலிட் செய்தால் இரண்டிலும் போகும்: இதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். பேக்கப் ஆன் ஆகியிருக்கும்போது கூகுள் போட்டோஸ் ஆப்பில் ஒரு படத்தை டெலிட் செய்தால், போனிலும் போகும், கிளவுடிலும் போகும். 60 நாள் வரை டிராஷில் இருக்கும், பிறகு மொத்தமாக அழியும். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால், பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கும் வசதி அதே ஆப்பில் தனியாக இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பென் டிரைவில் போட்டு பீரோவில் வைத்தால்?

அதுவும் தனியாக நம்பத் தக்கதல்ல. பென் டிரைவ், மெமரி கார்டு இரண்டும் மின்னூட்டமாகத்தான் தகவலை வைத்திருக்கின்றன. பல வருஷம் மின்சாரம் படாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசிந்துவிடலாம். ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் கெடும். சிடி கெடாமல் இருந்தாலும், அதைப் போட்டுப் பார்க்க இப்போதைய லேப்டாப்பில் இடமே இல்லை.

இணையத்தின் அடிப்படையை உருவாக்கியவர்களில் ஒருவரான விண்ட் செர்ஃப், 2015இல் இதே கவலையைச் சொன்னார். இன்றைய ஃபைல்களைத் திறக்கும் மென்பொருள் நாளை இல்லாமல் போனால் இந்தக் காலத்தைப் பற்றி வரும் தலைமுறைக்கு எதுவும் தெரியாமல் போகும் என்பது அவர் எச்சரிக்கை. உண்மையிலேயே முக்கியமான படங்களைப் பிரிண்ட் போட்டு வையுங்கள் என்றார். கூகுள் நிறுவனத்தில் துணைத் தலைவராக இருந்துகொண்டே அவர் இதைச் சொன்னார்.

புதுச்சேரி ஆய்வாளர்கள் தேடிப்போன பழைய ஸ்டுடியோக்கள்

போட்டோ அழிவது செல்போன் காலத்துப் பிரச்னை மட்டும் அல்ல. செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்து டிஜிட்டல் பிரதி எடுக்கும் பணியில் இறங்கியது. அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைக் காக்க பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் ஆதரவோடு இது நடந்தது. கல்யாணப் படம், குழந்தையின் முதல் படம், நண்பர்கள் சேர்ந்து ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் எல்லாம் இன்று ஆய்வுக்கான ஆவணங்கள்.

அன்றைக்கு அவை யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஈரத்திலும் பூஞ்சையிலும் கெட்டுப்போன நெகட்டிவ்கள் உண்டு. கடையை மூடும்போது குப்பைக்குப் போனவை உண்டு. தப்பிய படத்திலும் இன்னொரு சிக்கல். படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பின்பக்கம் எழுதியிருக்காது. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டினாலும் இதே கதைதான். 'இது யாரு?' என்று கேட்டால் பதில் சொல்ல பாட்டி ஒருவர்தான் இருப்பார்.

சிங்கவரம் பக்கம் இருக்கும் திருநாதர்குன்று இதற்கு நேர் எதிரான உதாரணம். 24 தீர்த்தங்கரர்கள் செதுக்கப்பட்ட பாறை இருக்கும் அந்தக் குன்றில் ஒரு பழைய கல்வெட்டு உண்டு. தமிழில் 'ஐ' எழுத்து கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டு என்று அதைச் சொல்வார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததை அது பதிவு செய்கிறது. யார், என்ன செய்தார், எத்தனை நாள் என்ற மூன்று விவரம் மட்டும்தான். ஆயிரம் வருஷம் தாண்டியும் அவர் யார் என்று தெரிகிறது.

உங்கள் படத்துக்கும் அதேதான் வேண்டும். 'ஐஎம்ஜி 4071' என்ற ஃபைல் பெயர் யாருக்கும் எதையும் சொல்லாது. 'செஞ்சிக்கோட்டை, பிஏ 2ஆம் ஆண்டு ட்ரிப், 2025 டிசம்பர்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்து, படத்தில் இருப்பவர்கள் பெயரையும் சேர்த்தால், 20 வருஷம் கழித்தும் அது பேசும்.

எல்லா படத்தையும் வைக்கணுமா?

வேண்டாம். எல்லாவற்றையும் வைக்கப் பார்ப்பதால்தான் எதுவும் பத்திரமாக இருப்பதில்லை.

ஒரே போஸில் எடுத்த 30 படத்தில் 2 போதும். குட் மார்னிங் ஃபார்வேர்டு, ஸ்கிரீன்ஷாட், மீம் இவற்றை முதலில் நீக்கினாலே நிறைய இடம் மிஞ்சும். ஒரு ட்ரிப்புக்கு 20 படம், ஒரு வருஷத்துக்கு 200 படம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை எடுத்து வைப்பது? அழகான படத்தை மட்டும் வைக்கணும் என்று இல்லை. முகம் சரியாகத் தெரியும் குரூப் போட்டோ, வீட்டுப் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் படம், தினமும் டீ குடித்த கடை, ஹாஸ்டல் ரூம், பஸ் ஸ்டாண்ட் என சாதாரணமாகத் தெரியும் படங்களுக்குத்தான் பிறகு மதிப்பு கூடும். ஏனென்றால் அந்த இடமோ அந்த ஆளோ அப்படியே இருக்கப் போவதில்லை.

ஆரி வொர்க், ரெசின் ஆர்ட் செய்பவர்கள் கவனிக்க

கைவேலை செய்து இன்ஸ்டாவில் ஆர்டர் எடுக்கும் இளைஞர்களுக்கு போட்டோ என்பது நினைவு மட்டும் அல்ல, பிழைப்பும் கூட. அக்கவுண்ட் ஹேக் ஆனாலோ முடக்கப்பட்டாலோ, மூன்று நான்கு வருஷ வேலையைக் காட்ட ஒரு படமும் இருக்காது. புது கஸ்டமரிடம் ஜீரோவிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அசல் ஃபைல் கையில் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் உங்களுக்காக எடுத்த படத்தின் உரிமை, எங்கும் பதிவு செய்யாமலே உங்களுக்கு வந்துவிடுகிறது. உங்கள் பிளவுஸ் படத்தை வேறொருவர் தன் வேலை என்று போட்டால், 'இது என் படம்' என்று சொல்ல தேதியோடு இருக்கும் அசல் ஃபைல் உதவும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு அந்த பலம் கிடையாது. வேலை பாதியில் இருக்கும்போதும் இரண்டு மூன்று படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

படத்தில் இருக்கும் மற்றவர்கள்

பர்த்டே பார்ட்டி படத்தில் நீங்கள் மட்டும் இல்லை. எடுப்பது ஒன்று, போடுவது வேறு. தோழி 'அதை எடுத்துடு' என்று சொன்னால் எடுத்துவிடுவதுதான் முறை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை, அவருடைய தனியுரிமையை மீறி, சம்மதம் இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

லொகேஷன் விஷயத்திலும் உஷாராக இருக்க வேண்டும். அசல் தரம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பும்போது, படத்தோடு எடுத்த இடமும் போகும். நண்பருக்கு அனுப்பலாம். முன்பின் தெரியாதவருக்கு, அதுவும் வீட்டில் எடுத்த படத்தை, அப்படி அனுப்ப வேண்டாம்.

சரி, என்னதான் செய்யணும்?

டிஜிட்டல் படங்களைக் காக்க உலகம் முழுக்கச் சொல்லப்படும் எளிய விதி 3-2-1. படத்துக்கு 3 பிரதி, 2 வேறு வேறு வகை சாதனத்தில், அதில் 1 வீட்டுக்கு வெளியே. மாணவர் பட்ஜெட்டில் இதை இப்படிச் செய்யலாம்.

* போனில் இருக்கும் அசல் முதல் பிரதி. கேலரியில் 'வைக்கணும்' என்று ஒரு ஆல்பம் தொடங்கி, தேர்ந்தெடுத்த படங்களை அதில் சேர்க்கவும்.

* கிளவுட் இரண்டாவது பிரதி. இதுவே வீட்டுக்கு வெளியே இருக்கும் பிரதியும்கூட. பேக்கப் ஓடுகிறதா, எத்தனை ஜிபி மிச்சம் என்று மாதம் ஒருமுறை பார்க்கவும்.

* பென் டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ மூன்றாவது பிரதி. சொந்த லேப்டாப் இல்லாவிட்டால், போனில் நேராகச் செருகும் ஓடிஜி பென் டிரைவ் போதும். 6 மாதத்துக்கு ஒருமுறை திறந்து, படம் வருகிறதா என்று பாருங்கள். 5 வருஷத்துக்கு ஒருமுறை புதியதில் மாற்றிக்கொள்வது நல்லது.

* இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர் பகுதிக்குப் போனால், நீங்கள் போட்ட படங்களை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கூகுளில் இதற்கு 'டேக்அவுட்' என்று பெயர்.

* வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ட்ரிப் படங்கள் சுருங்கிய பிரதிகள். யார் போனில் எடுத்தார்களோ அவரிடம் அசலைக் கேட்டு வாங்கவும். ட்ரிப் முடிந்த அதே வாரத்தில் கேட்டால்தான் கிடைக்கும்.

* கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற செட்டிங் உண்டு. குறிப்பிட்ட காலம் நீங்கள் கணக்கைப் பயன்படுத்தாமல் போனால், படங்கள் யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அக்காவோ அப்பாவோ, நம்பிக்கையான ஒருவரின் மெயிலைக் கொடுத்து வைக்கவும்.

* வருஷத்துக்கு 20 படம் பிரிண்ட் போடவும். பின்பக்கம் பெயர், ஊர், வருஷத்தை பென்சிலால் எழுதவும். பார்க்க சார்ஜும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம்.

கோட்டை படம் ஊருக்கும் உதவும்

நண்பர்களை நிறுத்தி எடுத்த படத்தின் பின்னால், கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் அந்த வருஷம் எப்படி இருந்தன என்பதும் பதிவாகிறது. எந்தச் சுவரில் செடி முளைத்திருந்தது, எங்கே சீரமைப்பு வேலை நடந்தது என்று பிறகு தேடுகிறவருக்கு இது சான்று. பட்டியலில் சேர்ந்த பிறகு கோட்டையைச் சுற்றி மாற்றங்கள் வரும் என்பதால், இப்போதைய படத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆள் இல்லாமல் எடுத்த கோட்டைப் படம் உங்களிடம் இருந்தால், விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் உங்கள் பெயரோடு ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடுதான் அது அங்கே போகும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு ஏற்றவும். பாரம்பரியச் சின்னங்களின் படங்களுக்காகவே 'விக்கி லவ்ஸ் மான்யுமெண்ட்ஸ்' என்ற போட்டி 2010இல் நெதர்லாந்தில் தொடங்கியது. இந்தியாவும் அதில் கலந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு 10 நிமிஷம் ஒதுக்கி மூன்று விஷயத்தை மட்டும் பாருங்கள். பேக்கப் ஆன் ஆகியிருக்கிறதா? அந்த அக்கவுண்டில் இருப்பது இப்போதைய நம்பர்தானா? கடைசி ட்ரிப்பின் அசல் படங்கள் உங்களிடம் இருக்கின்றனவா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்றால், குரூப்பில் இப்போதே கேட்டுவிடுங்கள். யாராவது போன் மாற்றுவதற்குள் வாங்கிவிடலாம்.